இடம்பெயர்ந்த கடையில் ஒற்றை இருக்கை

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)

 

இந்த உலகம் எதனால் நிலைபெற்றிருக்கிறது என்னும் வினாவுக்கு விடை கூற வந்த கடலுள் மாய்ந்த இளம்பெருவழுதி, அமிழ்தமே கிடைத்தாலும் இனிது என்று அதனைத் தாமே தனித்து உண்ணாத பெருந்தகையோர் இருப்பதைத்தான் முதற் காரணமாகக் காட்டினார். வள்ளுவப் பெருந்தகை விருந்தோம்பலுக்கு ஓர் அதிகாரமே வகுத்தார். தனித்து உண்பது சிறுமை, பகிர்ந்து உண்பது பெருமை என்பது தமிழ் மரபில் ஊறிய எண்ணம். இதனை மறுப்பார் இந்த அவையில் எவரும் இலர்.

எனினும், அந்தப் பழம்பாட்டு இடித்துரைப்பது பகிர்வதற்கு ஆள் இருந்தும் பகிராதவனை. பகிர்வதற்கு ஆளே இல்லாதவனைப் பற்றி அது ஒன்றும் கூறவில்லை. மனைவியை இழந்தவர், மணம் புரியாதவர், பிள்ளைகளைத் தொலைதூரத்துக்கு அனுப்பிவிட்டவர், வேலையின் பொருட்டு ஊர்விட்டு வந்தவர் ஆகியோர் நாள்தோறும் மூன்று வேளை தனித்துத்தான் உண்கின்றனர். அவர்களுக்கு ஒரு சமுதாயம் என்ன செய்ய இயலும்? இந்த வினாவை மிக நீண்ட காலமாகத் தன் உணவுக்கடைகளின் வாயிலாகவே எதிர்கொண்டு வந்துள்ள நாடு ஜப்பான். அங்கே ஒரு கடை இடம்பெயரும்போது தனித்து உண்பவனுக்கு என்ன நேர்கிறது என்பதே இவ்வுரையின் பொருள்.

முதலில் ஒரு சொல்லைக் கருதலாம். ஜப்பானிய உணவுக்கடையில் ஒருவர் தனியே நுழைந்தால், பணியாளர் அவரை 'ஒஹிதோரிசாமா' என்று குறிப்பிடுவார். 'ஹிதோரி' என்றால் ஒருவர். அதன் முன்னே வரும் 'ஒ' என்பதும், பின்னே வரும் 'சாமா' என்பதும் மதிப்புத் தரும் ஒட்டுகள். 'தனியாக வந்திருக்கும் பெருந்தகையீர்' என்பது போன்ற பொருள் அதில் தொனிக்கிறது. 'ஒருவர்தானா? வேறு யாரும் இல்லையா?' என்று கேட்காமல், ஒருவராக வந்ததற்கே மதிப்புக் கொடுத்து வரவேற்கும் மொழி அது. நாளடைவில் இச்சொல் கடையை விட்டு வெளியே வந்து, தனியே வாழ்வோர் அனைவரையும் குறிக்கும் பொதுச்சொல்லாகவும் வளர்ந்துவிட்டது.

அச்சொல்லுக்கு இன்று பெருந்தேவை இருக்கிறது. 2020ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி, ஜப்பானில் உள்ள குடும்பங்களுள் ஏறத்தாழ 38 விழுக்காடு ஒரே ஓர் ஆளைக் கொண்டவை. ஒருவர் மட்டுமே இருப்பதைக் 'குடும்பம்' என்று சொல்லத் தமிழ் நா தயங்கும். ஆயினும் ஐந்து வீடுகளுக்கு இரண்டு வீடுகள் என்னும் அளவில் அங்கே நிலைமை அதுதான்.

இந்நிலைமை இன்று நேற்றுத் தோன்றியது என்று கருதவும் கூடாது. டோக்கியோவின் பழம்பெயர் எதோ. தோக்குகவா ஆட்சியாளர்களின் தலைநகரமாக விளங்கிய அந்நகருக்குக் கைவினைஞரும் கூலியாட்களும் வணிக நிலையங்களின் ஏவலரும் நாட்டின் பல பகுதிகளிலிருந்து வந்து குவிந்தனர். சிற்றரசர்கள் குறித்த காலம் தலைநகரில் தங்கியாக வேண்டும் என்ற கட்டளையால், அவர்களுடைய வீரர்களும் மனைவி மக்களை ஊரில் விட்டுவிட்டு வந்து தங்கினர். 1721ஆம் ஆண்டில் எடுத்த கணக்கில், வீரர் குலத்தாரைச் சேர்க்காமல் நகர மக்கள் மட்டும் ஏறத்தாழ 5 இலட்சம் பேர். அவர்களுள் ஆடவர் 3 இலட்சத்து 23 ஆயிரத்தினர். பெண்டிர் 1 இலட்சத்து 78 ஆயிரத்தினரே. சமைத்துப் போட எவருமின்றி, சமைக்க இடமும் போதாமல் வாழ்ந்த பல்லாயிரம் ஆடவரின் பசியிலிருந்துதான் அந்நகரின் புகழ்பெற்ற உணவுகள் பிறந்தன. சோபா என்னும் மாவிழை உணவும், தெம்புராவும், விலாங்கு மீன் வறுவலும் தெருவோரக் கடைகளில் விற்கப்பட்டன. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், கைப்பிடிச் சோற்றின்மேல் மீன் துண்டை வைத்து அழுத்திக் கொடுக்கும் சுஷியைப் பரப்பிய பெருமையை ஹனாயா யோஹெய் என்பவருக்கு உரியதாகக் கூறுவர். நின்றபடியே இரண்டு மூன்று துண்டுகளை உண்டுவிட்டு நடையைக் கட்டும் தனியாளுக்கான உணவாக அது இருந்தது. இன்று உலகின் பெருநகரங்களில் பெரும்பொருள் கொடுத்து உண்ணப்படும் சுஷியின் தொடக்கம் தெருவில் தனியே நின்றவனின் பசிதான்.

தெருக்கடை கூரைக்குள் புகுந்தபோது, வாடிக்கையாளரையும் சமைப்பவரையும் பிரித்து நின்ற பலகையும் உடன் வந்தது. இன்று கவுண்டர் என்று வழங்கும் அந்த நீண்ட பலகை, தனித்து உண்பவனுக்குக் கிடைத்த பெருங்கொடை எனலாம். நால்வர் அமரும் மேசையில் ஒருவன் அமர்ந்தால், காலியாக இருக்கும் மூன்று நாற்காலிகளும் அவனைப் பார்த்துக்கொண்டே இருக்கும். பலகையின் முன் அமர்ந்தவனுக்கு அந்தத் துன்பம் இல்லை. அவனுக்கு எதிரே இருப்பது வெற்று நாற்காலியன்று, உழைக்கும் கை. மீனை அரியும் கத்தியையும், சோற்றைப் பிடிக்கும் விரல்களையும் பார்த்தவாறு அவன் உண்கிறான். பேச விரும்பினால் பேசலாம். பேசாதிருந்தாலும் குறையில்லை. இருவருக்கும் இடையே ஒரு முழ அகலப் பலகை மட்டுமே இருக்கிறது.

மாசயுகி குசுமி கதை எழுத, ஜிரோ தனிகுச்சி ஓவியம் தீட்ட, 1994 முதல் 1996 வரை தொடராக வெளிவந்த ஒரு சித்திரக்கதை இந்த வாழ்வையே தன் பொருளாகக் கொண்டது. 'கோதொகு நோ குருமே' என்பது அதன் பெயர். தனிமைச் சுவைஞன் என்று அதனைத் தமிழில் சொல்லலாம். வணிகத்தின் பொருட்டு ஊரெல்லாம் அலையும் ஒருவன் பசித்த இடத்தில் ஒரு சிறு கடையில் நுழைகிறான். தனியே உண்கிறான். வெளியேறுகிறான். கதை அவ்வளவுதான். பகைவனும் இல்லை, காதலியும் இல்லை. அது 2012ஆம் ஆண்டில் தொலைக்காட்சித் தொடராகி, ஆண்டுக்கணக்கில் நீடித்தது. ஒன்றுமே நிகழாத இக்கதையை இத்தனை பேர் விரும்பியதற்குக் காரணம், அதில் தம் வாழ்வையே அவர்கள் கண்டதுதான்.

இனி இடப்பெயர்ச்சிக்கு வரலாம்.

டோக்கியோவின் மீன்சந்தை முந்நூறு ஆண்டுக்காலம் நிஹோன்பாஷி என்னும் பாலத்தருகே இருந்தது. 1923ஆம் ஆண்டு செப்டம்பர் முதல் நாள், நண்பகலுக்கு இரண்டு நிமிடம் இருக்கும்போது, பெருநிலநடுக்கம் அந்நகரைத் தாக்கியது. பகலுணவுக்காக வீடுதோறும் அடுப்பு எரிந்துகொண்டிருந்த வேளை அது. நடுக்கத்தினும் கொடிதாக நெருப்புப் பரவியது. மாண்டோரும் காணாமற் போனோரும் ஏறத்தாழ 1 இலட்சத்து 5 ஆயிரம் பேர். மீன்சந்தையும் சாம்பலாயிற்று. பின்னர்ச் சுமிதா ஆற்றங்கரையில் உள்ள த்சுகிஜிக்குச் சந்தை பெயர்ந்தது. 1935இல் அங்கு முறையான பெருஞ்சந்தை திறக்கப்பட்டது.

சந்தை பெயர்ந்தால் சந்தையை நம்பிய அடுப்புகளும் பெயர்ந்தாக வேண்டும் அல்லவா? 1899இல் நிஹோன்பாஷிச் சந்தையில் தொடங்கப்பட்ட யோஷினோயா என்னும் சிறுகடை அவற்றுள் ஒன்று. மெல்லிதாக அரிந்த மாட்டிறைச்சியை வெங்காயத்துடன் இனிப்பும் உவர்ப்பும் கலந்த சாற்றில் வேகவைத்து, சோற்றுக் கிண்ணத்தின் மேல் இட்டுத் தரும் கியூதோன் என்னும் உணவு அதன் தனிச்சிறப்பு. அக்கடை 1926இல் த்சுகிஜிக்கு வந்தது. அதன் வாடிக்கையாளர் மீன் வணிகரும் சுமை தூக்குவோரும். ஏலத்துக்கும் விற்பனைக்கும் இடையே கிடைக்கும் சில நிமிடங்களில் தனியே வந்து அமர்ந்து, தனியே உண்டு, மீண்டும் வேலைக்கு ஓடுபவர்கள் அவர்கள். விரைவும் சுவையும் மலிவும் என்று பின்னாளில் அந்நிறுவனம் பறைசாற்றிய கொள்கை, அம்மனிதர்களின் அவசரத்திலிருந்து கற்ற பாடமே. அக்கடையிலிருந்து கிளைத்துப் பல நாடுகளில் பரவிய பின்னும், த்சுகிஜிச் சந்தைக்குள் இருந்த அச்சிறு கடையே முதற் கடை என்னும் பெயரைத் தாங்கி நின்றது.

அதன் பிறகும் சந்தை ஓரிடத்தில் நிற்கவில்லை. த்சுகிஜியின் கட்டடங்கள் பழமையுற்றன. நெருக்கடி மிகுந்தது. ஏறத்தாழ 23 ஹெக்டேர் பரப்பில் அடங்க முடியாத சந்தையை, இரண்டு கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான தொலைவில், ஏறத்தாழ 40 ஹெக்டேர் பரப்புள்ள தொயோசுவுக்கு மாற்றத் திட்டமிட்டனர். அந்நிலமோ முன்பு வாயு உற்பத்தி ஆலை இயங்கிய நிலம். மண்ணிலும் நிலத்தடி நீரிலும் நச்சுப் பொருள்கள் கலந்திருந்தன. 2016 நவம்பரில் நிகழவேண்டிய இடமாற்றத்தை ஆளுநர் யுரிகோ கொய்கே அதே ஆண்டு ஆகஸ்டில் ஒத்திவைத்தார். தூய்மைப் பணிகள் தொடர்ந்தன. வணிகருள் ஒரு சாரார் போக விரும்பினர். ஒரு சாரார் இறுதிவரை எதிர்த்தனர். முடிவில் 2018 அக்டோபர் 6ஆம் நாள் த்சுகிஜியின் உட்சந்தை மூடப்பட்டது. அக்டோபர் 11ஆம் நாள் தொயோசு திறக்கப்பட்டது. சந்தைக்கு வெளியே இருந்த கடைத்தெரு மட்டும் பழைய இடத்திலேயே தங்கிவிட்டது.

உட்சந்தையில், குறுகிய சந்துகளில், ஒன்றன் தோளில் ஒன்று சாய்ந்தாற்போல் நின்ற சுஷிக் கடைகளும் வறுவல் கடைகளும் காப்பிக் கடைகளும் ஒருசேரப் பெயர்ந்தன. யோஷினோயாவின் முதற் கடை மூடப்பட்டது. புதிய சந்தையில் அதே நிறுவனத்தின் வேறொரு கடை திறக்கப்பட்டது. நிஹோன்பாஷியில் பிறந்தது த்சுகிஜிக்கு வந்தபோது அதே கடையாக இருந்தது. த்சுகிஜியிலிருந்து தொயோசுவுக்குப் போனபோது அது கிளைக்கடை ஆயிற்று. ஏன் இந்த வேறுபாடு? முதல் இடமாற்றத்தில் கடை என்பது மனிதர்களே. இரண்டாவதில் கடை என்பது ஒரு பெருநிறுவனத்தின் பட்டியலில் உள்ள ஓர் எண். குற்றம் சொல்வதற்காக இது கூறப்படவில்லை. வளர்ச்சி கேட்கும் விலை அது என்பதற்காகவே கூறப்படுகிறது.

இங்கே ஒருவரைக் கற்பனையில் எண்ணிப் பார்க்கலாம். அவருக்குப் பெயர் வேண்டா. அத்தகையோர் பலர் இருந்திருப்பர். முப்பது ஆண்டுகள் மீன்சந்தையில் உழைத்தவர். வீட்டில் எவரும் இலர். விடியுமுன் வேலை தொடங்கி, பிறர் காலை உணவு உண்ணும் வேளையில் தம் நாளை முடித்துக்கொண்டு, சந்தில் இருக்கும் ஒரு சிறு கடையின் கதவைத் தள்ளுவார். உணவுக்கான ஆணையை அவர் வாயால் சொல்வதே இல்லை. அவர் முகத்தைக் கண்டவுடன் சாறு மிகுதியாக ஊற்றிய கிண்ணம் ஒன்று அவர்முன் வந்துவிடும். சுவரோரத்தில் உள்ள கடைசி இருக்கை அவருடையது. வாங்கிய உரிமையன்று, வழக்கத்தால் வந்த உரிமை.

கடை புதிய கட்டடத்திற்குப் போய்விட்டது. அவரும் ஒரு நாள் போகிறார். தானோட்ட ரயிலில் ஏறி, சந்தை முகப்பு நிலையத்தில் இறங்கி, கூரையிட்ட நீண்ட நடைபாலத்தில் நடந்து, வழிகாட்டிப் பலகைகளைப் படித்துக் கடையைக் கண்டுபிடிக்கிறார். தரை ஈரமில்லை. மீன் வாடை இல்லை. உருளை மூக்குடைய சிறு சரக்கு வண்டிகள் காலருகே உரசிச் செல்லவில்லை. எல்லாம் தூய்மை, எல்லாம் ஒழுங்கு. வாயிலில் தொங்கும் நோரென் மட்டும் பழையது. நோரென் என்பது கடையின் பெயர் பொறித்த துணித்திரை. ஜப்பானிய வணிகர்களுக்கு அது வெறுந்துணியன்று, குலப்பெயரை ஒத்தது. நெடுநாள் உழைத்த பணியாளருக்குத் தனிக்கடை வைக்க உரிமை தருவதையே அவர்கள் திரையைப் பகிர்தல் என்பர். அந்தத் திரையை விலக்கிக்கொண்டு அவர் உள்ளே நுழைகிறார்.

உள்ளே பலகை புதியது. அதன் நீளமும் வேறு. கடைசி இருக்கைக்கு அருகே சுவர் இல்லை, கண்ணாடி இருக்கிறது. அயல்நாட்டுப் பயணிகள் வரிசையில் நிற்கின்றனர். 2019 சனவரி 5ஆம் நாள், தொயோசுவின் முதற் புத்தாண்டு ஏலத்தில், 278 கிலோ எடையுள்ள ஒரு சூரை மீன் 33 கோடியே 36 இலட்சம் யென்னுக்கு விலைபோன செய்தி உலகெங்கும் பரவியது. அதனைக் கேட்டு வந்த கூட்டமும் அதில் உண்டு. அம்முதியவர் எங்கே அமர்வது என்று தெரியாமல் ஒரு கணம் நிற்கிறார். முப்பது ஆண்டுகளில் முதன்முறையாக அவர் தம்மைத் தனியாள் என்று உணர்கிறார்.

இந்த ஒரு கணத்தில்தான் இவ்வுரையின் கருத்து முழுவதும் அடங்கியிருக்கிறது. கடையோடு எவை எவை இடம்பெயர்கின்றன? கத்திகள் பெயர்கின்றன. பானைகள் பெயர்கின்றன. தீ விபத்தின்போது மற்றவற்றை விட்டுவிட்டு, தலைமுறை தலைமுறையாகக் குறையக் குறைய நிரப்பி வந்த சாற்றுப் பானையைத் தூக்கிக்கொண்டு ஓடிய கதையை விலாங்கு மீன் கடைக்காரர்கள் பெருமையுடன் சொல்வதுண்டு. சுவையும், கைப்பழக்கமும், கடையின் பெயரும் பெயர்கின்றன. பெயராதவை எவை? கடைக்கு நடந்து வரும் வழி பெயர்வதில்லை. சன்னல் வழியே விழும் காலை வெயிலின் சாய்வு பெயர்வதில்லை. அடுத்த இருக்கையில் நாள்தோறும் அமர்ந்து, பெயர்கூடத் தெரியாமல் தலையை மட்டும் அசைத்த மற்றொரு தனியாள் பெயர்வதில்லை. குடும்பத்தோடு உண்பவனுக்கு இவை பெரிய இழப்பல்ல. அவன் தன் உறவைத் தன்னுடனேயே அழைத்து வருகிறான். தனித்து உண்பவனுக்கோ அந்த இடமே உறவு.

இதனைக் கேட்பவர் பழமையைக் கண்டு கண்ணீர் வடிக்கும் புலம்பல் என்று எண்ணிவிடலாகாது. த்சுகிஜி என்னும் பெயருக்கே தூர்த்து எடுத்த நிலம் என்பது பொருள். 17ஆம் நூற்றாண்டில் எதோவை எரித்த பெருந்தீக்குப் பின் கடலோரத்தைத் தூர்த்து உண்டாக்கிய மண் அது. தொயோசு நிலத்தின் தொடக்கப் பகுதியோ 1923ஆம் ஆண்டு நிலநடுக்கத்தின் இடிபாடுகளைக் கொட்டி எழுப்பியது. சந்தையை நிஹோன்பாஷியிலிருந்து துரத்திய அதே அழிவு, பின்னொரு நாள் அது செல்லவிருக்கும் தீவுக்கு அடிமண் ஆயிற்று. அந்நகரில் அசையாத பழைய இடம் என்று ஒன்று இருந்ததே இல்லை. எல்லா இடமும் ஒரு காலத்தில் புதிய இடந்தான். யாரோ ஒருவர் நாள்தோறும் வந்து அமர்ந்ததனால்தான் அது பழைய இடம் ஆயிற்று.

ஆகவே வினாவைச் சற்று மாற்றிக் கேட்க வேண்டும். இடம் மாறலாமா என்பதன்று வினா. மாறிய இடத்தில் தனியாளை அடையாளம் காண எவரேனும் இருக்கின்றனரா என்பதே வினா. இது வெறும் மன உணர்ச்சி பற்றிய செய்தியும் அன்று. 2024ஆம் ஆண்டில் தனியே வாழ்ந்து தம் வீட்டிலேயே இறந்து, காவல் துறையின் கவனத்துக்கு வந்தோர் ஜப்பானில் 76,020 பேர் என்று அந்நாட்டுக் காவல் துறை கணக்கிட்டது. அவர்களுள் 58,044 பேர் 65 வயதும் அதற்கு மேலும் உடையவர்கள். இறந்து நெடுநாள் கழித்துக் கண்டறியப்பட்டவர்களும் அவர்களுள் உண்டு. தனிச்சாவு என்று பொருள்படும் 'கோதொகுஷி' என்னும் சொல் அந்நாட்டின் அன்றாட வழக்கில் நுழைந்துவிட்டது. இப்படிப்பட்ட நாட்டில், 'இரண்டு நாளாக அந்தக் கடைசி இருக்கைக்காரரைக் காணோமே' என்று ஒரு கடைக்காரர் தம் மனைவியிடம் சொல்வது எளிய பேச்சன்று. அது ஒரு காவல். எந்த அரசுத் துறையின் பதிவேட்டிலும் இல்லாத காவல்.

அந்தக் காவலை இயந்திரம் செய்வதில்லை. காசைப் போட்டுச் சீட்டு எடுத்துக்கொள்ளும் இயந்திரமும், இருபுறமும் தடுப்பு வைத்த ஒற்றை அறை போன்ற இருக்கையும், தொடுதிரையும் தனியாளுக்கு வசதி தருகின்றன என்பது உண்மை. எவர் முகமும் பாராமல் உண்டுவிட்டுப் போக விரும்பும் நாளும் மனிதனுக்கு உண்டு. அவ்விருப்பத்தையும் மதிக்கத்தான் வேண்டும். ஆனால் தனித்து உண்ணும் உரிமை வேறு, காணப்படாமல் போகும் நிலை வேறு. முன்னதை வழங்கும்போது பின்னதையும் சேர்த்து வழங்கிவிடாமல் இருப்பதே நாகரிகம். ஒரு முழப் பலகை அந்த நுட்பத்தை அறிந்திருந்தது. அது நெருங்கவும் இல்லை, விலகவும் இல்லை.

மீண்டும் அந்த முதியவரிடம் செல்லலாம். திகைத்து நின்ற அவரைப் பலகைக்கு அப்பால் இருந்த கடைக்காரர் நிமிர்ந்து பார்க்கிறார். பழைய கண்கள். 'நெடுநாளாயிற்றே' என்கிறார். பயணிகளின் வரிசைக்கு நடுவே பலகையின் ஓரத்தில் ஓர் இருக்கையைக் கையால் காட்டுகிறார். ஆணை கேட்கவில்லை. சாறு மிகுதியாக ஊற்றிய கிண்ணம் வந்து அமர்கிறது. முதியவர் கைகளைக் குவித்து 'இததகிமாஸ்' என்கிறார். 'பணிவுடன் பெற்றுக்கொள்கிறேன்' என்பது அதன் பொருள். எதிரில் எவரும் இல்லாதபோதும், வீட்டில் ஒருவராக அமர்ந்து உண்ணும்போதும்கூட, ஜப்பானியர் பலர் அதனைச் சொல்லிவிட்டே உண்ணத் தொடங்குவர். உயிரைக் கொடுத்த மீனுக்கும், சோறாகிய நெல்லுக்கும் சொல்லும் சொல் அது.

உண்டு முடித்தபின் சொல்லும் சொல் இன்னும் ஆழமானது. 'கொச்சிசோசாமா' என்பர். அதன் நடுவில் உள்ள 'ச்சிசோ' என்னும் சொல்லை எழுதும் இரண்டு எழுத்துகளுக்கும் ஓடுதல், விரைதல் என்பதே பொருள். விருந்தினனுக்காகப் பொருள் தேடி அங்கும் இங்கும் ஓடியவர்க்கு நன்றி என்பது அதன் உட்பொருள். இரவெல்லாம் மீன்சந்தையில் ஓடியவர்களை எண்ணிப் பார்த்தால் இச்சொல்லின் தகுதி விளங்கும். அந்த முதியவரும் முப்பது ஆண்டுகள் பிறருடைய உணவுக்காக ஓடியவரே. இன்று அவருக்காக வேறு யாரோ ஓடியிருக்கிறார்கள்.

தனித்து உண்பவன் உண்மையில் தனித்து உண்பதில்லை என்பதை அச்சொல் நினைவூட்டுகிறது. கடலோடியும் உழவரும் சுமை தூக்கியவரும் அடுப்பு மூட்டியவரும் அவனுடைய கிண்ணத்தைச் சுற்றி அமர்ந்திருக்கின்றனர். தனித்து உண்ணாதவர்களால் உலகம் நிலைபெறுகிறது என்றார் பழம்புலவர். தனித்து உண்ண நேர்ந்தவனுக்கு ஓர் இருக்கையை ஒதுக்கி, மதிப்புடன் அழைத்து, அவன் வராத நாளில் அவனை நினைப்பவர்களாலும் இவ்வுலகம் நிலைபெறுகிறது என்று அதனோடு சேர்த்துக்கொள்வதில் தவறில்லை. இரண்டும் விருந்தோம்பலே.

கடைகள் பெயரும். சந்தைகள் பெயரும். நகரங்களே பெயரும். பெயர்த்துச் செல்லும் மூட்டையில் பானைக்கும் கத்திக்கும் நடுவே அந்த ஒற்றை இருக்கையின் நினைவையும் சேர்த்துக் கட்டியவர்கள் எங்கே போனாலும் பழைய கடையைத்தான் திறக்கிறார்கள்.